வீட்டுப் பழைய காரை விற்பது: எந்த நிலையில் இருக்கும் வண்டிக்கு எந்த வழி

முப்பது நாற்பது வருடம் ஒரே குடும்பத்தில் ஓடிய காரை விற்பதென்று முடிவானதும் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன விலைக்குப் போகும்?" என்றுதான். அதற்கு முன்பே பதில் தெரிய வேண்டிய கேள்விகள் வேறு. வண்டி இன்று சாலையில் ஓடி, பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறதா? ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஓட்ட முடியாது என்ற நிலையா? இல்லை, வருடக்கணக்காக நின்ற இடத்திலேயே நிற்கிறதா? சேஸிஸில் உள்ள நம்பரும் பதிவுச் சான்றில் உள்ள நம்பரும் ஒன்றுதானா? விற்கும் வழி இவற்றிலிருந்துதான் முடிவாகிறது. ஓடுகிற, ஆவணம் சரியாக உள்ள வண்டிக்கு ஏலம் நல்ல வழியாக இருக்கலாம். அதே மாடல், அதே வருடம், ஆனால் ஓடாது என்றால், ஏற்றுக்கூலியும் ஏலக் கட்டணமும் போகக் கையில் நிற்பது, பக்கத்து ஊர் ஆர்வலர் ஒருவர் வீட்டுக்கே வந்து கொடுப்பதைவிடக் குறைவாகிவிடும்.

செய்தியில் வரும் விலையும் வீட்டு வண்டியின் விலையும்

2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 1955-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். உலன்ஹவுட் கூபே 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அந்த வகையில் செய்யப்பட்டவையே இரண்டு. இப்படி ஒரு செய்தி வந்தால், பழசு என்றாலே பெரும் பணம் என்ற நினைப்பு பரவிவிடுகிறது. குடும்பங்கள் வைத்திருந்தவை லட்சக்கணக்கில் செய்யப்பட்ட வண்டிகள். ஃபோக்ஸ்வாகனின் பழைய பீட்டில் 2003-இல் நிற்கும்வரை 2.15 கோடிக்கு மேல் வெளிவந்தது. மோரிஸ் மைனர் சுமார் 16 லட்சம். மெர்சிடிஸின் டபிள்யூ123 வரிசை 1976 முதல் 1986 வரை 27 லட்சத்தை ஒட்டி. எண்ணிக்கை அதிகம் என்பதால் விலை ஏறாது. ஆனால் அதே காரணத்தால் உதிரிபாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பார், வாங்கவும் ஆள் இருக்கும். உண்மையில் விற்கச் சிரமமானது அரிதான, ஆனால் யாரும் தேடாத மாடல். முன் கண்ணாடி உடைந்தால் மாற்று கிடைக்காது என்ற ஒரே காரணத்துக்காக வாங்க வந்தவர் திரும்பிப் போவார்.

ஒரே மாடலுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. நான்கு கதவு செடானுக்குப் பொதுவாகக் கடைசி இடம். இரண்டு கதவு, திறந்த கூரை, ஸ்டேஷன் வேகன் வகைகள் மேலே. மோரிஸ் மைனரின் ஸ்டேஷன் வேகன் வகையான டிராவலரின் பின்பக்க மரச் சட்டம் அலங்காரமல்ல, உடலைத் தாங்குவதே அதுதான். அது உளுத்திருந்தால் அழகிய டிராவலர் சாதாரண செடானைவிடக் குறைந்த விலைக்குப் போகும்.

விளம்பரங்களில் கேட்கும் விலையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஆன்லைன் ஏலத் தளங்களில் முடிந்த ஏலங்களின் விலை திறந்தே இருக்கும். கடந்த 12 மாதத்தில், உங்கள் வண்டியின் நிலையிலேயே இருந்தவை எத்தனைக்கு முடிந்தன என்று பாருங்கள். சேகரிப்பாளர்கள் நிலையை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள்: 1 என்பது காட்சிப் போட்டிக்கு நிற்கும் வண்டி, 4 என்பது ஓடினாலும் கண்ணுக்குத் தெரியும் குறைகள் உள்ளது. நன்றாகப் பராமரித்த குடும்ப வண்டி பெரும்பாலும் 3. வீட்டார் கண்ணுக்கு அது எப்போதும் 2 ஆகத் தெரியும். பாசம் தவறல்ல, ஆனால் விலை போடும்போது அதைத் தள்ளி வைக்க வேண்டும்.

ஓடோமீட்டரிலும் கவனம் தேவை. பழைய வண்டிகள் பலவற்றில் 5 இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். 42,000 என்று காட்டுவது 1,42,000 ஆக இருக்கலாம். சர்வீஸ் ரசீதுகள் வரிசையாக இல்லாமல் "குறைவாக ஓடிய வண்டி" என்று எழுதுவது பின்னால் தகராறு. மீட்டர் காட்டுவது இவ்வளவு, மொத்த ஓட்டத்துக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினால் போதும்.

சீர் செய்து விற்பதா, இருக்கிறபடி விற்பதா

பணம் அதிகம் வீணாகும் இடம் இது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வண்டி ஓடவும், பிரேக் பிடித்தால் நிற்கவும் செலவு செய்யுங்கள்; பெயின்ட், குரோமியம், சீட் உறைக்குச் செலவு செய்யாதீர்கள்.

விற்பதற்கு முன் அடித்த புதுப் பெயின்ட், அனுபவமுள்ளவர் கண்ணில் முதலில் கிளப்புவது சந்தேகத்தைத்தான். அடியில் என்ன மறைத்திருக்கிறார்கள் என்று கேட்பார். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இன்று பலர் கையில் இருக்கிறது. தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். மேலே ஒரு முறை அடித்திருந்தால் 200-க்கு மேல். பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்ட இடத்தில் 1,000-ஐத் தாண்டும். கருவி இல்லாதவர் துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பார்ப்பார். பட்டி இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது. மங்கிப்போன, அங்கங்கே தேய்ந்த அசல் பெயின்ட்டுக்கு அந்தக் கேள்வியே எழாது. முழு டிங்கரிங், பெயின்ட் வேலையின் செலவு சாதாரணக் குடும்ப மாடலில் விலையாகத் திரும்பி வருவது அபூர்வம்; வேலை மாதக்கணக்கில் இழுக்கவும் செய்யும்.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சில், கால் வைக்கும் தரை, ஸ்டெப்னி வைக்கும் குழி, பேட்டரித் தட்டு, வீல் வளைவுகள், ஸ்பிரிங்குகள் உடலோடு சேரும் இடங்கள். திருப்புளியின் பிடியால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மந்தமாக. சில்லும் ஸ்பிரிங் பிடிப்பும் உளுத்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எஞ்சினில் ஒரு காசு போடாமல், "வேலை உள்ள வண்டி" என்று விற்பதே சரி.

உடல் கெட்டியாக இருந்தால், நின்ற வண்டியை எழுப்பும் வேலை பயனுள்ளது. அதற்கு ஒரு வரிசை உண்டு. எடுத்த எடுப்பில் பேட்டரி மாட்டி செல்ஃப் அடிப்பதுதான் பலரும் செய்யும் சேதம். சிலிண்டர் சுவரில் பிடித்த துருவில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் ஒட்டியிருக்கும். செல்ஃப் மோட்டாரின் வேகத்தில் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் கம்பியாலோ, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளியோ சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி அடுத்ததற்குப் போகலாம். இறுகி நின்றால் பலம் காட்டக் கூடாது. ஆயில் விட்டு இன்னும் சில நாள் காத்திருக்க வேண்டும்.

பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடும். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அதன் பிசின் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். டேங்கை முழுதாக வடித்து, துருவைக் கழுவி, மிதவைக் கிண்ணத்தையும் ஜெட்டுகளையும் சுத்தம் செய்யுங்கள். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களை உப்பவைத்து விரிசல் விடச் செய்யும். சூடான சைலன்சர் பைப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் வண்டியே எரிந்துவிடும். எனவே, பார்க்க நன்றாக இருந்தாலும், டேங்க் முதல் கார்புரேட்டர் வரை ரப்பர் குழாய் அனைத்தையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். இந்தச் செலவைத் தள்ளிப்போடுவதில் எந்த நியாயமும் இல்லை.

ஸ்பார்க் வராவிட்டால் முதல் சந்தேகம், திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் கான்டாக்ட் பாயின்ட் மீதுதான். ஈரத்தில் முகம் கறுத்திருக்கும். நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, கையேடு சொல்லும் இடைவெளியை வைக்க வேண்டும். பல நான்கு சிலிண்டர் வண்டிகளில் அது சுமார் 0.4 மி.மீ.

அடுத்தது பிரேக். செலவு கூடும் இடம் இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த நீர், ஒவ்வொரு வீலிலும் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்களை உள்ளிருந்து அரிக்கும். பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அல்லது ஒரு வீல் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், அங்கே வீல் சிலிண்டர் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் ஹோஸ் உள்ளே உப்பி ஆயிலைத் திரும்ப விடாமல் பிடிக்கிறது. இறுகியதை மட்டும் மாற்றினால் மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். எல்லா வீல் சிலிண்டரையும் ஹோஸையும் ஒரே தடவையில் மாற்றுவது மலிவு. ஆயில், கையேடு சொன்னதுதான், பெரும்பாலும் டாட் 4 என்ற தரம். சிலிக்கானால் ஆன டாட் 5-ஐ அதோடு கலக்கவே கூடாது.

டயரின் பட்டை தேயாமல் இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் 4 இலக்கம் இருக்கும்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 3 இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர்; அதில் யாரையும் சோதனை ஓட்டத்துக்கு அனுப்ப வேண்டாம்.

வண்டி ஓடத் தொடங்கியதும் கம்ப்ரஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற அளவு) செய்து எண்களை எழுதி வையுங்கள். எஞ்சின் சூடாக, பிளக்குகள் அனைத்தும் கழற்றி, ஆக்சிலேட்டர் முழுதாக மிதித்த நிலையில் எடுக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள்: எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் குறைந்தால் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். ஆயில் மூடியின் அடியில் பால்போன்ற நுரை இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட எஞ்சினில், ஈயமில்லாத பெட்ரோலால் வால்வு சீட் தேய்வது உண்டு. ஹெட்டில் கடினமான சீட்டுகள் போட்டிருந்தால் அதன் ரசீதைத் தேடி எடுங்கள். தெரிந்தவர் அதற்குத் தனியாக மதிப்புக் கொடுப்பார்.

விற்கும் வழிகள்

குடும்பத்துக்குள் கொடுப்பது எளிதாகத் தெரியும், ஆனால் வண்டி அழிவது இந்த வழியில்தான் அதிகம். இலவசமாக வாங்கிக்கொண்ட அண்ணன் மகனுக்குக் கூரையுள்ள நிறுத்துமிடம் இல்லை, மாதம் ஒரு முறை ஓட்ட நேரமும் இல்லை என்றால், வண்டி மூன்று மழைக்காலத்தில் முடிந்துவிடும். எங்கே நிற்கும், யார் செலவு செய்வார் என்ற இரண்டுக்கும் பதில் இருந்தால் மட்டும் கொடுங்கள். குறைவாக இருந்தாலும் ஒரு விலை வாங்குங்கள். அவர் பின்னால் விற்றால் முதலில் குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள்.

அந்த மாடல் வண்டி வைத்திருப்போரின் கிளப் வழியாக விற்பதுதான், நல்ல கைக்குப் போக வேண்டும் என்று நினைப்பவருக்கு நாங்கள் முதலில் சொல்லும் வழி. வாங்குபவருக்குக் குறைகள் எங்கே இருக்கும் என்று தெரியும். அதனால் பேரமும் நேராக நடக்கும். ஓடாத வண்டிக்கும் அங்கே ஆள் உண்டு. விலை உச்சத்துக்குப் போகாது, கூட்டம் சிறியது என்பதால் சில மாதம் காத்திருக்கவும் நேரலாம். பழைய வாகனக் கிளப்புகளின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 1966-இல் தொடங்கியது. குறைந்தது 30 வருடம் ஆன, வரலாற்றுக்குப் பொருந்தும்படி பாதுகாக்கப்பட்ட, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியைத்தான் அது வரலாற்று வாகனமாக ஏற்கிறது. உங்கள் வண்டியின் அசல் உறுப்புகளை ஏன் எறியக் கூடாது என்பதற்கு இந்த வரையறையே காரணம் சொல்லும். கழற்றி வைத்த பழைய டைனமோ, ரேடியோ, வீல் கப் எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுக் கொடுங்கள்.

நேரடி விளம்பரத்தில் கமிஷன் இல்லை. உழைப்பு முழுக்க உங்களுடையது. 60, 70 படங்களாவது வேண்டும்: நான்கு மூலை, அடிப்பகுதி, திறந்த பானட், டிக்கியின் தரை, துரு உள்ள இடங்கள் நெருக்கத்தில். உச்சி வெயிலிலும், தண்ணீர் தெளித்த உடனும் எடுக்காதீர்கள். ஈரம் குறைகளை மறைக்கும் என்பது வாங்குபவருக்குத் தெரியும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் காட்சியை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஆள் பார்க்க வரும் நாளில் எஞ்சினை முன்பே சூடேற்றி வைக்கவும் வேண்டாம். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். சோதனை ஓட்டத்துக்கு முன் உரிமத்தையும் காப்பீட்டையும் பாருங்கள், கூடவே உட்காருங்கள். பார்க்காமலே வாங்குகிறேன், அதிகப் பணம் அனுப்புகிறேன், மிச்சத்தை வண்டி ஏற்றுபவரிடம் கொடுங்கள் என்று வரும் ஆள் மோசடிக்காரர். பதிவுச் சான்றின் முழுப் படத்தை விளம்பரத்தில் போட வேண்டாம். அந்த எண்களை வேறு வண்டிக்குப் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

வியாபாரி அன்றே பணம் தருவார், வண்டியையும் எடுத்துப் போவார். சரிசெய்யும் செலவு, காத்திருக்கும் காலம், தன் லாபம் மூன்றையும் கழித்துத்தான் விலை சொல்வார். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. வீடு காலி செய்ய நாள் குறித்தாகிவிட்டது, வாரிசுகள் பலர், யாருக்கும் நேரமில்லை என்ற நிலையில் இது சரியான வழி. குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.

கமிஷனுக்கு விட்டு விற்பதில் வண்டி வியாபாரி இடத்தில் நிற்கும், உரிமை உங்களிடம் இருக்கும். நல்ல வியாபாரி என்றால் நேரடி விற்பனைக்கு நெருக்கமான விலை உழைப்பில்லாமல் கிடைக்கும். கெட்டுப்போவது ஒப்பந்தத்தில்தான். எத்தனை நாளைக்கு, கமிஷன் எவ்வளவு சதவீதம், உங்கள் கைக்கு வர வேண்டிய குறைந்தபட்சத் தொகை என்ன, அங்கே நிற்கும்போது தீயோ திருட்டோ நேர்ந்தால் யார் காப்பீடு, உங்களைக் கேட்காமல் என்ன பழுது பார்க்கலாம், விற்ற எத்தனை நாளில் பணம் என்ற ஆறும் எழுத்தில் இருக்க வேண்டும். அசல் பதிவுச் சான்றைப் பணம் வரும்வரை கையை விட்டு அனுப்பாதீர்கள். வண்டியைச் சொந்த வேலைக்கு ஓட்டுவார்கள் என்பதால், விடும் நாளில் ஓடோமீட்டரைப் படம் எடுத்து இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

ஏலம், இரண்டு பேராவது போட்டி போடக்கூடிய வண்டிக்கு. அரிய வகை, முதல் உரிமையாளரின் குடும்பம், முழு ரசீதுக் கட்டு, அசல் பெயின்ட் இவற்றில் சிலவாவது இருக்க வேண்டும். மண்டபத்தில் நடக்கும் ஏலத்தில் வாங்குபவர் விலைக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் வரை கட்டணம் தருவது வழக்கம். அவர் அதைக் கழித்துத்தான் கை தூக்குவார், ஆகவே அது மறைமுகமாக உங்கள் பணம். விற்பவர் கமிஷன், பட்டியல் படக் கட்டணம், ஏற்றுக்கூலி தனி. ஆன்லைன் ஏலத்தில் கட்டணம் குறைவு, வண்டி வீட்டிலேயே நிற்கலாம். ஆனால் ஒரு வாரம் முழுக்கக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் மௌனமாக இருந்தால்கூட விலை சாயும். குறைந்தபட்ச விலையை ஆசைக்கு வைத்து ஏலம் படியாமல் போனால் அந்தத் தொகை இணையத்தில் நிலைத்து நிற்கும். அடுத்து வருபவர் எல்லோரும் அதைக் காட்டித்தான் பேரம் பேசுவார்.

பிரித்து விற்பது, உடல் முற்றிலும் உளுத்த வண்டிக்கு மட்டும். கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸ், மீட்டர்கள் விரைவில் போகும்; ஓட்டை உடல் கடைசிவரை இடத்தை அடைத்து நிற்கும், அதற்குப் பழைய இரும்பு விலைதான். பதிவை முறைப்படி ரத்து செய்யாமல் சேஸிஸ் நம்பர் தகட்டை யாரிடமும் கொடுக்கக் கூடாது.

ஆக, ஓடி நிற்கும், ஆவணம் சரியான, சாதாரண மாடல் என்றால் கிளப்பும் நேரடி விளம்பரமும் சேர்ந்து. அதே நிலையில் அரிய வகை என்றால் ஏலம். ஸ்டார்ட் ஆகிறது, ஓட்ட முடியாது என்றால், பிரேக்குக்கும் பெட்ரோல் குழாய்க்கும் மட்டும் செலவு செய்து கிளப். உடல் உளுத்தது என்றால் முதலில் கிளப்பில் கேட்டு, யாரும் வராவிட்டால் பிரிப்பது. நேரம் இல்லை என்றால் எந்த நிலையானாலும் வியாபாரி.

ஆவணமும் கைமாற்றும்

வண்டி இறந்துபோனவர் பெயரில் இருந்தால், விளம்பரம் போடும் முன் வாரிசு உரிமை மாற்றத்தை முடித்துவிடுங்கள். எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டியிருக்கும் இடத்தில், வாங்குபவர் பணத்தோடு வந்து நிற்கும்போது ஒருவர் வெளியூரில் இருந்தால் விற்பனை அங்கேயே நிற்கும். சேஸிஸ் நம்பரை ஆவணத்தில் படித்து விட்டுவிடாமல் வண்டியில் தேடிப் பாருங்கள். பீட்டிலில் பின் சீட்டைத் தூக்கினால், தரையின் நடுவே மேடாக ஓடும் டன்னலில் இருக்கும். எஞ்சின் மாற்றியிருந்தால் புது எண் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாத எஞ்சின், விற்பனை நாளில் தெரியவந்தால் விலையைக் குறைக்கும். முன்பே சொன்னால் பெரும்பாலும் பிரச்சினை ஆகாது.

விற்பனை ஒப்பந்தத்தில் நாளோடு நேரத்தையும் எழுதுங்கள். "இருக்கிற நிலையில்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பாமல், தெரிந்த குறைகளை ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு வாங்குபவர் கையெழுத்தை அதன் கீழே வாங்குங்கள். பணம் கணக்கில் சேர்ந்ததை வங்கியிடமே உறுதி செய்த பிறகு சாவி. உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் வேலையை வாங்குபவரிடம் விட்டுவிடாமல் அன்றே நீங்களே செய்து, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். அது நடக்கும்வரை அபராதமும் விபத்துப் பொறுப்பும் உங்கள் பெயரைத் தேடித்தான் வரும். காப்பீட்டை அதற்குப் பிறகுதான் நிறுத்த வேண்டும், முந்தைய நாளில் அல்ல.